ஜல்லியும் சீவாளியும்

ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று கேட்டபோது, "உன் நோட்டுல இருக்கிறதை அப்படியே இறக்கிடுடா, ரெண்டு பக்கம் ரொம்பிடும்" என்றார் மலர்க் குழு அண்ணன். என் நோட்டைப் பற்றி மெக்கானிக்கல் வகுப்புக்கே தெரியும். முதலாண்டில் வாங்கிய நூறு பக்க நோட்டு. 'உங்களுக்குத் தெரியுமா?' என்று எங்கே எதைக் கண்டாலும், பஜ்ஜி மடித்த காகிதமாக இருந்தாலும், அதில் எழுதி வைத்துவிடுவேன். வினாடி வினாவுக்கு உதவும் என்று ஆரம்பித்தது.

ஆனால் நண்பர்களே, உயரமான கோபுரம் எது, நீளமான ஆறு எது என்பதையெல்லாம் நீங்களே எந்தப் புத்தகத்திலும் பார்த்துக்கொள்ளலாம். நோட்டின் கடைசிப் பக்கங்களில் வேறு சில விஷயங்கள் இருக்கின்றன. ஆடுதுறைக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊரிலிருந்து கல்லூரிக்குத் தினமும் பாசஞ்சரில் வந்துபோகிறேனே, அந்த வழியைச் சுற்றிச் சேர்ந்தவை அவை. தண்டவாளம், ஜல்லி, நாதஸ்வரம். இதற்கெல்லாம் ஒன்றுக்கொன்று என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் எங்கள் அப்பாதான்.

அப்பா கைநாட்டு. பள்ளிக்கூடத்துத் திண்ணையில் மழைக்கு ஒதுங்கியதோடு சரி. சின்னப் பையனாக இருந்தபோது நரசிங்கம்பேட்டையில் நாதஸ்வரம் கடைகிற பட்டறையில் கயிறு இழுத்தார். கல்யாணம் ஆன புதிதில் மீட்டர் பாதையை அகலப் பாதையாக மாற்றிய வேலைக்குக் காண்டிராக்டரிடம் ஜல்லி சுமக்கப் போனார். இப்போது அறுவடைக் காலத்தில் நெல் மூட்டை தூக்குகிறார். நான் இங்கே சேர்ந்த அன்று விண்ணப்பத்தில் 'தந்தையின் கல்வித் தகுதி' என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டேன். அந்தக் கோட்டுக்குள் என்னென்ன இருந்தது என்று எனக்கு அப்போது தெரியாது.

முதலில் ரயிலுக்கு வருவோம்.

நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வழியாகத் திருச்சிக்குப் போகும் பாதையை 1861-62இல் 'கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே' என்ற கம்பெனி போட்டது. அன்றைக்கே அது அகலப் பாதைதான். தண்டவாளத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே 1,676 மி.மீ., ஐந்தரை அடி. பதினைந்து வருஷம்கூட ஆகவில்லை, 1875இல் அதை மீட்டர் பாதையாகக் குறுக்கினார்கள். 1,000 மி.மீ. அகலம் குறைந்தால் பாலம், மண்மேடு, பெட்டி, எஞ்சின் எல்லாமே சின்னதாகிவிடும், செலவும் குறையும் என்பது மேயோ பிரபு காலத்து அரசாங்கத்தின் கணக்கு. சரியாக ஒரு மீட்டர் வைத்தது ஏன் தெரியுமா? அப்போது இந்தியாவில் மெட்ரிக் அளவுமுறை வரப்போகிறது என்ற பேச்சு இருந்தது. அதை நம்பி வைத்த அளவு. மெட்ரிக் முறை நம் கடைவீதிக்கு வந்து சேர்ந்ததோ 1950களின் கடைசியில். தண்டவாளம் ஏறக்குறைய 85 வருஷம் முந்திக்கொண்டது!

பிறகு 1992இல் நாடு முழுவதும் ஒரே அகலம் என்ற திட்டம் வந்தது. அதற்குப் பின் ஒவ்வொரு பகுதியாக மறுபடியும் 1,676 மி.மீ. ஆக, நாகப்பட்டினம் பாதைக்கு ஒரே மண்ணில் மூன்று தடவை தண்டவாளம் போட்டிருக்கிறார்கள். மூன்றாவது தடவை போட்டபோது சட்டி சுமந்தவர்களில் எங்கள் அப்பாவும் ஒருவர்.

எங்கள் ஊர் வழியாகப் போவது வேறு பாதை. மயிலாடுதுறை, கும்பகோணம் வழி. அதற்கு இன்றைக்கும் 'மெயின் லைன்' என்று பெயர். 1920களின் கடைசியில் விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்குக் 'கார்டு லைன்' வந்ததும் தூரம் குறைந்துபோய், அவசர வண்டியெல்லாம் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. நமக்கு மிச்சம் பெயர்தான். அதே சமயத்தில்தான் நாகப்பட்டினத்தில் இருந்த ரயில்வே பணிமனையும் பொன்மலைக்குப் போனது. ஒரு ஊருக்குத் துறைமுகமும் ரயிலும் பணிமனையும் முதலில் வந்து, பிறகு ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போனதென்றால் அது நாகப்பட்டினம்தான். அந்தப் பக்கத்திலிருந்து வரும் நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஆடுதுறைக்கு மட்டும் என்ன பெருமை என்று கேட்பவர்களுக்கு: நெல் மூட்டையில் ஏ.டி.டி. 43 என்று போட்டிருக்கிறதே, அந்த ஏ.டி.டி. எங்கள் ஆடுதுறைதான். அங்கே நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. போதும், ரயிலுக்கே திரும்புகிறேன்.

அப்பா மீட்டர் பாதை வண்டியைப் பற்றிப் பேசினால் முதலில் வாயால் சத்தம் போட்டுக் காட்டுவார். தடதட்... தடதட்... "அது தாளம் தம்பி. இப்ப ஓடுற வண்டியில அது இல்ல, சும்மா உய்ங்குன்னு போவுது" என்பார். இதற்குக் காரணத்தை நான் இரண்டாமாண்டில்தான் தெரிந்துகொண்டேன். மீட்டர் பாதையில் ஒரு தண்டவாளத்தின் நீளம் 12 மீட்டர், அகலப் பாதையில் 13 மீட்டர். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே விரல் நுழையாத அளவுக்குச் சின்ன இடைவெளி விட்டு ஃபிஷ் பிளேட் வைத்து போல்ட் போடுவார்கள். வெயிலில் இரும்பு நீண்டால் இடம் வேண்டுமல்லவா? அந்த இடைவெளியில் சக்கரம் விழுந்து ஏறுகிற சத்தம்தான் தாளம்.

இதை வைத்து ஒரு கணக்குப் போட்டேன், நீங்களும் போட்டுப் பாருங்கள். 13 மீட்டர் தண்டவாளத்தில், நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குக் கீழே இருந்து வரும் ஒவ்வொரு 'தடதட்'டையும் ஒன்று என்று எண்ண வேண்டும். 47 விநாடியில் எத்தனை வருகிறதோ, ஏறக்குறைய அத்தனை கிலோமீட்டர் வேகத்தில் வண்டி போகிறது. ஐம்பது வந்தால் மணிக்கு 50 கி.மீ. மீட்டர் பாதை 12 மீட்டர் தண்டவாளம் என்றால் 43 விநாடி. கைக்கடிகாரம் இருந்தால் போதும்.

இப்போது அந்த வித்தை பலிக்காது. தண்டவாளங்களை ஒன்றோடொன்று பற்றவைத்துக் கிலோமீட்டர் கணக்கில் ஒரே கம்பியாக்கிவிடுகிறார்கள். அதனால்தான் சத்தம் இல்லை. ஆனால் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இடைவெளி இல்லையென்றால் வெயிலில் நீள்கிற இரும்பு எங்கே போகும்? எஃகு ஒரு டிகிரிக்கு ஒரு மீட்டரில் 0.012 மி.மீ. நீளும். ஒரு கிலோமீட்டர் தண்டவாளம் சும்மா கிடந்தால், 30 டிகிரி ஏறும்போது 36 செ.மீ. நீள வேண்டும். ஒரு முழத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. அது எங்கே?

நீள விடுவதில்லை என்பதுதான் பதில். கம்பியைக் கிளிப் போட்டுக் கான்கிரீட் ஸ்லீப்பரோடு பிடித்துவிடுகிறார்கள். ஒரு ஸ்லீப்பர் கால் டன்னுக்கு மேல் கனம். அந்த ஸ்லீப்பரை ஜல்லிக்குள் புதைத்து வைக்கிறார்கள். நீள முடியாத இரும்பு உள்ளுக்குள்ளேயே அழுந்திக்கொண்டு கிடக்கும். எவ்வளவு அழுத்தம் என்று நம் ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் சூத்திரத்தில் போட்டேன். ஒரு மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளம் என்றால், எஃகின் அடர்த்தியால் வகுத்தால் குறுக்குவெட்டு சுமார் 77 சதுர செ.மீ. 30 டிகிரிக்கு ஸ்ட்ரெஸ் 72 நியூட்டன், ஒரு சதுர மி.மீட்டருக்கு. பெருக்கினால் ஏறக்குறைய 55 டன்! ஒரு தண்டவாளத்துக்கு மட்டும் இது. பக்கத்துத் தண்டவாளத்துக்கு இன்னொரு 55. வேனல் மத்தியானத்தில் அது பாம்பு மாதிரி பக்கவாட்டில் நெளிந்துகொள்ளாமல் பிடித்து நிறுத்துவதில் பெரும் பங்கு ஜல்லிக்குத்தான்.

விடையைக் கையில் வைத்துக்கொண்டு அன்று ராத்திரி அப்பாவிடம் போனேன். "ஏம்ப்பா, ஆத்துல கூழாங்கல் எவ்வளவு கெடக்கு, அதைப் போடாம எதுக்கு மலையை உடைச்சுக் கொண்டாந்து போட்டாங்க?" என்று கேட்டேன், பரீட்சை வைக்கிற மாதிரி. அப்பா சாப்பிட்ட கையோடு சொன்னார்: "உருண்டைக் கல்லு உருண்டு போயிடும் தம்பி. மூலை இருந்தாத்தான் ஒண்ணை ஒண்ணு கவ்வும். மேஸ்திரி மூலை மழுங்குன கல்லைக் கண்டா சட்டியோட கொட்டிட்டு வேற அள்ளச் சொல்லுவாரு. அப்புறம் சும்மா கொட்டுனாப் போதாது, ஸ்லீப்பருக்கு அடியில குத்திக் குத்தி ஏத்தணும். தலைமாட்டுல தோள் மாதிரி ஒசத்திக் கட்டணும், அங்கதான் பாதை நழுவப் பாக்கும்."

சிவில் நண்பர்களைக் கேட்டால் இதையே 'இன்டர்லாக்கிங்', 'ஷோல்டர்' என்று சொல்வார்கள். தண்ணீர் தங்காமல் வடிவதற்கும் ஜல்லிதான், நம் களிமண் பூமிக்கு அது இன்னும் முக்கியம் என்று அப்பா சேர்த்துச் சொன்னார். நான் 55 டன் கணக்கைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அம்மாவைப் பார்த்து, "கேட்டியா, அம்புட்டு டன்னை நாங்க புடிச்சு வச்சிருக்கோமாம்" என்றார்.

இனி நாதஸ்வரம். ஆடுதுறையிலிருந்து மயிலாடுதுறைப் பக்கம் கொஞ்ச தூரம் போனால் நரசிங்கம்பேட்டை. ரயிலில் தூங்கிக்கொண்டு போகிறவர்களுக்கு அது ஒரு சின்ன ஊர், அவ்வளவுதான். நாதஸ்வரம் வாசிக்கிறவர்களுக்கு அப்படி இல்லை. தலைமுறை தலைமுறையாக அங்கே நாதஸ்வரம் செய்கிறார்கள். 2022இல் 'நரசிங்கம்பேட்டை நாதஸ்வரம்' என்று புவிசார் குறியீடும் கிடைத்தது.

குழல் ஆச்சா மரம். அதுவும் புதுமரம் ஆகாது. இடித்த பழைய வீட்டின் உத்தரம், தூண் என்று பல பத்து வருஷம் காய்ந்து கிடந்ததாகத் தேடி வாங்குவார்கள். ஈரம் உள்ள மரம் பின்னால் சுருங்கும், துளையின் அளவு மாறும், சுருதி கெடும். நம் ஒர்க்‌ஷாப்பில் வார்ப்பிரும்பைப் பழக விடுவதைப் பற்றிச் சார் சொன்னாரே, கிட்டத்தட்ட அதே நியாயம்.

குழலுக்கு உலவு என்று பெயர். கீழே விரிந்த வாய் அணசு. மேலே கெண்டை என்ற உலோகக் குழாய், அதில் செருகுவது சீவாளி. சீவாளி, ஆற்றங்கரை நாணல் வகையில் செய்வது. இரண்டு இதழ் ஒன்றோடொன்று துடித்துத்தான் நாதம் பிறக்கிறது. விரல் வைக்கிற துளை ஏழு. அதற்குக் கீழே இன்னும் ஐந்து இருக்கும், அவற்றை விரல் தொடாது. மெழுகு வைத்துக் கொஞ்சம் மூடியும் திறந்தும் சுருதி சேர்க்கத்தான் அவை. மொத்தம் பன்னிரண்டு. வினாடி வினாவில் 'நாதஸ்வரத்தில் எத்தனை துளை' என்று கேட்டால் ஏழு என்று சொல்லி அமர்ந்துவிடாதீர்கள்!

உலவின் உள்துளை நேர்க்குழாய் கிடையாது. மேலே குறுகி, கீழே போகப் போக அகலும். நம் பாஷையில் டேப்பர் போரிங். இது ஏன் என்பதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட ஆச்சரியமாக இருந்தது. கிளாரினெட்டின் துளை பெரும்பகுதி நேர்க்குழாய். ஒரே விரலமைப்பில் மேல் ஸ்தாயிக்குத் தாண்டினால் அது எட்டாவது சுரத்துக்குப் போகாது, பன்னிரண்டாவதற்குத் தாவிவிடும். கூம்புத் துளை அப்படியில்லை. மூச்சை அழுத்தினால் அதே விரலில் சரியாக மேல் ஸட்ஜத்தில் போய் நிற்கும். கூம்பு கொஞ்சம் தப்பினாலும் கீழ் ஸாவும் மேல் ஸாவும் சேராது. மைக்ரோமீட்டர் இல்லாத காலத்திலிருந்தே அதைக் காதாலும் கையாலும் சரிபார்த்துச் செய்திருக்கிறார்கள்.

முன்காலத்தில் இருந்தது திமிரி நாதஸ்வரம். குட்டை, சுருதி உச்சம். குழல் நீண்டால் அதிர்வு குறையும், சுருதி இறங்கும். பாரி நாதஸ்வரம் மூன்றடிக்குக் கொஞ்சம் குறைவு, இரண்டு, இரண்டரைக் கட்டையில் பேசும். (கட்டை என்பது ஆர்மோனியக் கட்டை. முதல் வெள்ளைக் கட்டை ஒரு கட்டை.) இந்தப் பாரியைப் பிரபலமாக்கியவர் திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை. 1898இல் பிறந்து 1956இல் மறைந்தவர், தோடி ராகத்துக்கு என்றே பேர் வாங்கியவர். திருவாவடுதுறை, நரசிங்கம்பேட்டைக்குப் பக்கத்தில்தான். பழைய குழலில் சுத்த மத்தியமம் நேராகப் பேசாது. வாசிப்பவர் உதட்டாலும் மூச்சாலும் அதைச் சரிக்கட்டியாக வேண்டும். அந்தக் குறையைத் துளையின் இடத்தையும் அளவையும் மாற்றித் தீர்த்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி. ராஜரத்தினம் பிள்ளைக்காக 1955இல் அவர் செய்த குழல்தான் பின்னால் வந்தவற்றுக்கு மாதிரி. வித்துவான் பேரைப் பத்து பேருக்குத் தெரியும் என்றால் ஆசாரி பேரை ஒருவருக்குத் தெரிந்தால் அதிகம். டிசைன் செய்தவன் பேர் வெளியே வராது என்பது நம் தொழிலுக்கும் உள்ள விதிதான் போலிருக்கிறது.

அப்பா கயிறு இழுத்தது அப்படிப்பட்ட ஒரு கடைசல் பட்டறையில்தான். மோட்டார் வராத பட்டறை. மரத்தில் கயிற்றைச் சுற்றி இரண்டு முனையையும் ஒருவர் மாற்றி மாற்றி இழுப்பார். மரம் இப்படி ஒரு சுற்று, அப்படி ஒரு சுற்று. நம் லேத் மாதிரி ஒரே பக்கம் சுற்றாது. முன்னால் சுற்றும்போது மட்டும் ஆசாரி உளியை வைப்பார், பின்னால் சுற்றும்போது எடுத்துவிடுவார். இழுப்பவன் வேகம் மாறினால் கடைசலில் வரி விழும். "ஆசாரி பேசவே மாட்டாரு. உளி சத்தத்துலயே தெரிஞ்சுக்கணும், வேகமா மெதுவான்னு" என்பார் அப்பா.

போன வருஷம், நான்காம் செமஸ்டர் நடக்கும்போது, அப்பாவுக்குத் தோள் பிடித்துக்கொண்டு கையைத் தூக்க முடியாமல் போனது. இரண்டு மாதம் மூட்டைக்குப் போகவில்லை. மாமா வந்து உட்கார்ந்தார். "மச்சான், பயலைத் திருப்பூருக்கு அனுப்புங்க. தெரிஞ்ச இடம் இருக்கு, தங்குறதுக்கும் இடம் தர்றான். படிப்பு எங்கயும் ஓடிப் போயிடாது" என்றார். மாமா கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வீட்டில் அரிசி வாங்கக் கடன் வாங்கிய வாரம் அது. தங்கச்சி பத்தாம் வகுப்பு. நானே பையில் துணி எடுத்து வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அம்மா ஒன்றும் சொல்லாமல் அடுப்பையே பார்த்தார்.

அப்பாதான் பேசினார். "அவன் லேத்துல நிக்கிறான் மாப்ள. நான் அஞ்சு வருஷம் கயிறு இழுத்தேன். கடைசி வரைக்கும் ஆசாரி உளியை என் கையில கொடுக்கல. நானும் கேக்கல. இவன் கையில கொடுத்திருக்காங்க. பாதியில வாங்கி வைக்கச் சொல்றியா?"

மாமா காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அம்மா தையல் வேலை கூடுதலாக எடுத்தார். நான் சனி, ஞாயிறு ஒரு வெல்டிங் பட்டறையில் நின்றேன். தோள் இப்போது பரவாயில்லை, ஆனாலும் முன்போல் இரண்டு மூட்டை அடுக்க முடியாது. கணக்கு இன்னும் சரியாகவில்லை. ஒவ்வொரு மாதமும் இருபதாம் தேதிக்கு மேல் அது மறுபடி எங்கள் வீட்டில் பேச்சுக்கு வருகிறது. இறுதியாண்டு முடிய இன்னும் சில மாதங்கள்.

அந்தச் செமஸ்டர் ஒர்க்‌ஷாப் பிராக்டிகலில் எனக்கு வந்தது டேப்பர் டர்னிங். பெரிய விட்டத்திலிருந்து சின்ன விட்டத்தைக் கழித்து, நீளத்தின் இருமடங்கால் வகுத்தால் கோணத்தின் டான். காம்பவுண்ட் ரெஸ்டை அந்தக் கோணத்துக்குத் திருப்பி வைத்துக் கடைந்தேன். இங்கிலீஷில் அந்தப் பாடத்தை மூன்று தடவை படித்தும் புரியாதவன், உலவை நினைத்துக்கொண்டு படித்ததும் புரிந்துகொண்டேன் என்றால் நம்புவீர்களோ என்னவோ. சாரிடம் கேட்டு அந்தப் பீஸை வீட்டுக்கு எடுத்துப் போனேன். அப்பா வாங்கிக் கட்டைவிரலால் மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை தடவினார். விளக்குக்கு நேரே பிடித்தார். "வரி விழல" என்றார். பிறகு, "உள்ள தொளை போடலையா?" என்று கேட்டார். டேப்பர் போரிங் அடுத்து வரும் என்றேன். அந்தப் பீஸ் இப்போது எங்கள் வீட்டு மாடத்தில், மண்ணெண்ணெய் விளக்குக்குப் பக்கத்தில் இருக்கிறது.

நோட்டில் இன்னும் பதினோரு பக்கம் காலியாக இருக்கிறது. உங்கள் வீட்டில் தாத்தாவோ பெரியப்பாவோ மீட்டர் பாதையில் வேலை பார்த்திருந்தால், பொன்மலையில் இருந்திருந்தால், தவில் மூட்டவோ வீணைக்குப் பலா மரம் இழைக்கவோ தெரிந்திருந்தால், அவர்கள் சொன்னதை என்னிடம் வந்து சொல்லுங்கள். காலைப் பாசஞ்சரில் எஞ்சினிலிருந்து மூன்றாவது பெட்டி, ஜன்னல் ஓரம். கும்பகோணம் தாண்டினால் கூட்டம் ஏறிவிடும், அதற்கு முன்னால் வந்தால் உட்கார்ந்து பேசலாம்.